நான் சொல்ற வரைக்கும் கண்ணைத் திறக்காதே

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். எனக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. "பேயாவது பிசாசாவது, போய் வேலையப் பாருங்கடி" என்று சொல்லியே பெயர் வாங்கியவள் நான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சரிதான். ஆனால் இதில் இருட்டே இல்லை. பட்டப்பகல். இரண்டேகால் மணிக்கு ஆரம்பித்தது, மூன்று முப்பத்தொன்றுக்கு முடிந்தது. மணியை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. முக்கால்வாசி ஒரு நோட்டில் எழுதியிருக்கிறது, கடைசி நேரம் போனில் பதிவாகியிருக்கிறது. அந்த நோட்டை நானே படித்தேன்.

நடந்தது எனக்கு இல்லை. என்னோடு வேலை பார்க்கிறவளுக்கு.

நாங்கள் இருவரும் கல்யாணப் பெண்களை அலங்கரிக்கிறவர்கள். பதினொரு வருஷமாக ஜோடி. தலை என் பாடு, முகம் அவள் பாடு. அதனால் மண்டபத்து ஆட்கள் என்னைச் 'சீப்பு' என்பார்கள், அவளைப் 'பவுடர்' என்பார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எங்களுக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

பவுடர் ஒண்டிக்கட்டை. கட்டினவன் விட்டுவிட்டுப் போய்ப் பன்னிரண்டு வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. மாடியில் இரண்டு அறை, வாடகைக்கு. காலையில் வைத்துவிட்டுப் போன டம்ளர் சாயங்காலமும் வைத்த இடத்திலேயே இருக்கும் வீடு. "கழுவி வைக்க ஆள் வேணாம்டி, எடம் மாத்தி வைக்கவாவது ஒரு ஆள் இருக்கலாம்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குத்தான் சிரிப்பு வராது.

உறவு என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு தங்கை. அவளுக்கு உச்சந்தலையில் ஒரு கொத்து முடி எப்போதும் நட்டுக்கொண்டு நிற்கும். எண்ணெய் வைத்தாலும் படியாது, கொண்டை ஊசி குத்தினாலும் படியாது. நானே தோற்றுப்போயிருக்கிறேன். அதனால் அவள் 'சேவல்'.

பவுடர் மேக்கப் கற்றுக்கொண்டதே சேவலின் முகத்தில்தான். புதிதாக எது வாங்கினாலும் முதலில் சேவல் வந்து உட்கார வேண்டும். "நான் சொல்ற வரைக்கும் கண்ணைத் திறக்காதே" என்பாள் பவுடர். சேவலும் திறக்க மாட்டாள். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரு ராகத்தை இழுத்தபடி உட்கார்ந்திருப்பாள். ராகமா அது, மாவு மில் சத்தம்! ஒரு தடவை பாதியில் பஞ்சு தீர்ந்துபோய்ப் பவுடர் கடைக்கு ஓடினாள். வழியில் யாரையோ பார்த்து, வாயளந்து, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள். சேவல் அதே நாற்காலியில் அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"லூசாடி நீ? எந்திரிச்சுப் போக வேண்டியதுதானே?"

"நீதான் சொல்லவே இல்லையே!"

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். நான் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன்.

அப்படி இருந்தவர்கள் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் ஒரு மெஷின். சேவலின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. ஏர்பிரஷ் மேக்கப்தான் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒற்றைக் காலில் நின்றார்கள். ஏர்பிரஷ் என்றால் பஞ்சு, பிரஷ் எதுவும் கிடையாது. ஒரு சின்ன கம்ப்ரஸர், அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் பேனா மாதிரி ஒரு கன். கன்னின் தலையில் இருக்கிற கிண்ணத்தில் நாலைந்து சொட்டு ஃபவுண்டேஷன் விட்டு விசையை இழுத்தால், பனி மாதிரி முகத்தில் படியும். விரல் படவே வேண்டாம். பவுடரிடம் அது இல்லை. சேவல் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "அக்கா, வேற ஒருத்தங்களுக்குச் சொல்லிட்டாங்க. என்னால ஒண்ணும் பேச முடியல."

பவுடருக்குக் கோபம் மூக்குக்கு மேல். "தூக்கி வளத்த புள்ள. அவ முகத்தைத் தொட எனக்குத் தகுதி இல்லையாம்!" கல்யாணத்துக்கே போகவில்லை. அதன்பிறகு சேவல் போன் பண்ணினால் எடுப்பதும் இல்லை. நான் தலைகீழாக நின்று பார்த்தேன். "அந்த மெஷினை நானும் வாங்கறேன். கத்துக்கிட்டு நானே அவளைக் கூப்பிட்டு உக்கார வைக்கறேன். அதுவரைக்கும் பேச்சு கிடையாது" என்றுவிட்டாள். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

இரண்டு வருஷம் கழித்து ஒரு புதன்கிழமை மெஷின் வந்து சேர்ந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? அன்றைக்கே சேவலிடம் சொல்லிவிட்டேன். அவள் போனிலேயே குதித்தாள். "நான்தான் முதல்ல உக்காருவேன்! வேற யாரையும் உக்கார வச்சிடப் போறா!" இதை நான் பவுடரிடம் சொல்லவில்லை. அக்காவும் தங்கையும் தாங்களே பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பதுக்குச் சேவலிடமிருந்து போன் வந்தது. பவுடர் பார்த்தாள், எடுக்கவில்லை. பத்து ஐம்பத்திரண்டுக்கு மறுபடியும் வந்தது. எடுக்கவில்லை. இன்றைக்குக் கை படியட்டும், சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன் என்று நினைத்தாளாம். மனசுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்ததாம்.

பிற்பகல் 2.15. கதவைத் தாழ் போட்டாள். ஜன்னல்களைச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள், ஏனென்றால் காற்று அடித்தால் அந்தப் பனி கண்டபடி பறக்கும். நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு வெள்ளைப் போர்வையை மாட்டினாள். சுவரில் நிறம் படிந்தால் வீட்டு ஓனரிடம் யார் பேச்சு வாங்குவது? நோட்டையும் பேனாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் பிடிக்கிறது என்று குறித்துக்கொள்வது அவள் வழக்கம். கல்யாண வீட்டில் பத்து நிமிஷம் பிந்தினாலும் மானம் கப்பலேறும்.

2.24. முதலில் தன் முகத்திலேயே அடித்துப் பார்த்தாள். அடிக்கும்போது கண்ணை மூட வேண்டுமே! புருவத்தில் பாதி, காதில் மீதி. கண்ணாடியைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அறை ரொம்ப அமைதியாக இருந்தது.

2.40. மாடலாக உட்கார வருகிறேன் என்று சொல்லியிருந்த கீழ்வீட்டுப் பெண் போன் பண்ணினாள். "சாரி ஆன்ட்டி, நாளைக்குப் பரீட்சை. அம்மா விடமாட்டேங்கறாங்க."

சரி, வெறும் நாற்காலியே போதும். அதில் ஒரு முகம் இருப்பதாக வைத்துக்கொண்டு, ஒரு சாண் தள்ளிக் கன்னைப் பிடித்து, நெற்றி, மூக்கு, கன்னம், தாடை என்று கையை ஓட்ட வேண்டியதுதான். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் பழகுவார்கள்.

கிண்ணத்தில் சொட்டு விட்டாள். மஞ்சள் சாயலில் மூன்று, பழுப்பில் இரண்டு. கலக்கிய பிறகுதான் கவனித்தாள். அது சேவலின் நிறம். யோசிக்காமலே கை கலந்திருந்தது.

பவுடருக்கு ஒரு பழக்கம். வாய் பேசினால்தான் கை ஓடும். அதனால் ஆள் இருக்கிற மாதிரியே பேச ஆரம்பித்தாள்.

"உக்காரு."

புஸ்ஸ்ஸ்...

நாற்காலியின் ரெக்சின் மெத்தை காற்றை விட்டது. ஆள் உட்கார்ந்தால் வருகிற சத்தம். பழைய மெத்தை, என்னத்துக்கோ காற்றை விடுகிறது என்று நினைத்துக்கொண்டாள். நோட்டில் நேரத்தை எழுதினாள். 2.52.

"நான் சொல்ற வரைக்கும் கண்ணைத் திறக்காதே."

கம்ப்ரஸர் 'ம்ம்ம்' என்றது. கன் 'ஸ்ஸ்ஸ்' என்றது.

2.58. நெற்றி.

3.05. மூக்கு. விரல் நுனியில் சில்லென்று ஏதோ பட்டது. பார்த்தாள். விரல் ஈரமாக இருந்தது. வெறும் காற்றில் அடித்தால் பனி நேரே போய்விடும். எதிரே முகம் இருந்தால்தான் அதில் பட்டுத் திரும்பி விரலில் தெறிக்கும்.

கன் ஒழுகுகிறதோ? முனையைத் துடைத்தாள். ஒழுகவில்லை.

3.12. கன்னம். கை நன்றாக ஓடியது. ஓடின வேகத்தில் வாய் தானாகச் சொன்னது.

"அசையாதடி சேவலே!"

சொன்னதும் கை நின்றது.

யாரிடம் சொன்னேன்? அசைந்ததாக எனக்கு ஏன் தோன்றியது? என்று யோசித்தாளாம்.

இருபது வருஷப் பழக்கம், அவ்வளவுதான் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். அந்த நிமிஷமே தங்கையைக் கூப்பிட்டுவிடலாமா என்றுகூட இருந்ததாம். முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று விட்டாள்.

3.19. தாடை. நோட்டில் அதுதான் கடைசி வரி.

3.22. சுவிட்சை அணைத்தாள். டக்.

கன் சத்தம் நின்றது.

கம்ப்ரஸர் சத்தம் நிற்கவில்லை.

ம்ம்ம்...

ப்ளக்கைப் பிடுங்கினாள். வயர் கையோடு வந்துவிட்டது.

ம்ம்ம்ம்...

குனிந்து கம்ப்ரஸர் மேல் உள்ளங்கையை வைத்தாள். துளி அதிர்வு இல்லை.

சத்தம் கீழேயிருந்து வரவில்லை. மேலேயிருந்து வந்தது. நாற்காலியிலிருந்து.

ஏறியது... இறங்கியது... இழுத்தது...

மாவு மில்.

பவுடருக்கு நிமிரத் தைரியம் இல்லை. குனிந்தபடியே கடிகாரத்தைப் பார்த்தாள். 3.24. 3.25.

3.26.

நின்றுவிட்டது. பாதியில்.

மெல்ல நிமிர்ந்தாள்.

போர்வை முழுக்க லேசாக நிறம் படிந்திருந்தது. நடுவில் மட்டும் படியவில்லை.

நடுவில் வெள்ளை.

ஒரு கழுத்து. இரண்டு காது.

உச்சியில்... ஒரு கொத்து முடி.

அவளுக்கும் அந்தப் போர்வைக்கும் நடுவில் வெறும் நாற்காலிதான் இருந்தது.

3.31.

போன் அடித்தது. சேவலின் வீட்டுக்காரர். இந்தத் தடவை எடுத்தாள். ஒரு மனிதக் குரல் கேட்டால் போதும் என்று இருந்தது.

"அக்கா... ஆஸ்பத்திரில... உங்க தங்கச்சி போயிட்டாக்கா."

செருப்புகூடப் போடவில்லை. கதவைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு ஓடினாள்.

சேதி தெரிந்து ஆஸ்பத்திரிக்கு நானும் போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் சாயங்காலமே நெஞ்சு வலி என்று சேவலைச் சேர்த்திருக்கிறார்கள். காலையில் பண்ணின இரண்டு போனும் கட்டிலில் படுத்துக்கொண்டு பண்ணினவை. 'அக்காவுக்குச் சொல்லாதீங்க, பயந்துடுவா, நானே பேசிக்கறேன்' என்று வீட்டில் எல்லோரையும் தடுத்துவிட்டாளாம். பவுடர் நடைவழியில் நின்றாள். முகத்தில் அந்த ஏர்பிரஷ் திட்டுகூடத் துடைக்காமல் இருந்தது. சேவலின் மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"மத்தியானம் வரைக்கும் நல்லாத்தான் பேசிட்டிருந்தாங்க பெரியம்மா. திடீர்னு சிரிச்சாங்க. சிரிச்சிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கிட்டாங்க."

"அப்ப மணி என்ன?" என்றாள் பவுடர்.

சாவு நடந்த இடத்தில் மணி கேட்கிறாளே என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நர்ஸ் சீட்டுல எழுதியிருக்காங்க பெரியம்மா. ரெண்டு அம்பத்திரண்டு. டாக்டர் வந்து கன்னத்தைத் தட்டித் தட்டி, கண்ணைத் திறங்கம்மா, திறங்கம்மான்னு கெஞ்சினாரு. அம்மா தலைய ஆட்டினாங்க. 'அக்கா இன்னும் சொல்லல'ன்னாங்க. அவ்வளவுதான் பேசினது. அப்புறம் வாய்க்குள்ளயே ம்ம்ம்னு முனகிட்டே இருந்தாங்க. மூணு இருபத்தாறுக்கு அதுவும் நின்னுடுச்சு."

பவுடர் அழவில்லை. சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் நடந்ததையெல்லாம் என் காதோடு சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"போனை எடுத்திருந்தா அங்க போயிருப்பேன்டி. 'போதும், திற'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திறந்திருப்பாளேடி."

அவள் முகத்தில் இருந்த திட்டை என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

அதிர்ச்சியில் ஏதேதோ உளறுகிறாள் என்றுதான் அன்று நான் நினைத்தேன். நோட்டைப் படித்த பிறகும், தற்செயல் என்றே என் மனசைச் சமாதானம் பண்ணிக்கொண்டேன். அதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அதன்பிறகு பவுடர் வேலைக்கு வரவில்லை. அவளுக்குப் பதிலாக இன்னொரு பெண் என்னோடு வந்தாள். ஒரு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் ஏர்பிரஷ் கேட்டார்கள். புதியவளிடம் மெஷின் இல்லை. இரவல் கேட்கலாம், அப்படியே அவளையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பவுடர் வீட்டுக்குப் போனேன்.

வீடு சுத்தமாக இருந்தது. மேசை மேல் இரண்டு டம்ளர் இருந்தது. படியேறி வந்த களைப்பில் அந்த நாற்காலியில் உட்காரப் போனேன்.

"அங்க உக்காராத!"

அப்படி ஒரு கத்தலை அவளிடம் நான் கேட்டதே இல்லை.

"ஏய், போதும்டி இந்தக் கூத்து" என்றேன். சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அவள் என்னோடு வாதாடவில்லை. சுவரில் இருந்த போர்வையைக் கழற்றினாள். துவைத்துக் கொடியில் காய்ந்த வேறொரு போர்வையைக் கொண்டுவந்தாள். பொட்டுக் கறை இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எனக்குக் காட்டிவிட்டு மாட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பாக்கறேன். இன்னைக்கு உனக்காக" என்றாள்.

சொட்டு விட்டாள். விசையை இழுத்தாள். ஸ்ஸ்ஸ்... நான் அவள் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றேன். நாற்காலியில் யாரும் இல்லை. என் கண்ணில் கோளாறு இல்லை.

போர்வையில் மெல்ல மெல்ல நிறம் ஏறியது.

நடுவில் ஏறவில்லை.

தலைகளைப் பார்த்தே பிழைக்கிறவள் நான். முதுகைக் காட்டி நின்றாலும் தலையை வைத்து ஆளைச் சொல்லிவிடுவேன். அந்த உச்சிக் கொத்து முடி என் கையில் எத்தனை ஊசிகளை வளைத்திருக்கிறது! எனக்குத் தெரியாதா?

பவுடரின் கையைப் பிடித்துக் கன்னைக் கீழே இறக்கினேன்.

"சொல்லிடுடி. கண்ணைத் திறன்னு சொல்லி அனுப்பி வச்சிடு. பாவம்டி அவ."

பவுடர் ஒரு துணியை எடுத்து நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்தாள். நிதானமாக, ஓரம்வரைக்கும் துடைத்தாள்.

"சொன்னா எந்திரிச்சுப் போயிடுவா" என்றாள். "அப்புறம் இந்த வீட்ல எனக்கு யாருடி இருக்கா?"

மெஷினைத் தர மாட்டாள் என்று நினைத்தேன். தந்தாள். கம்ப்ரஸர், குழாய், கன் எல்லாவற்றையும் துடைத்து அவளே என் பையில் வைத்தாள். "ஞாயித்துக்கிழமை காலைல கொண்டு வந்துடு" என்று மட்டும் சொன்னாள்.

மணி 4.47. நான் வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் தாழ் போடுகிற சத்தம் கேட்டது. மாடிப்படியில் நாலு படி இறங்கியிருப்பேன். உள்ளேயிருந்து பவுடரின் குரல் கேட்டது. என்னிடம் பேசின குரல் இல்லை. பழைய குரல், இரண்டு வருஷத்துக்கு முந்தின செல்லக் குரல்.

"போயிட்டாடி அவ. நீ கண்ணைத் திறக்காதே."

ஒரு நிமிஷம் ஒன்றுமே இல்லை.

பிறகு...

ம்ம்ம்ம்...

நான் பையைத் தடவிப் பார்த்தேன். மெஷின் என் கையில்தான் இருந்தது.